பழைய காருக்குப் புது பிரேக் பலம்!

குக்கரில் காஸ்கெட் தளர்ந்தால் ஆவி பக்கவாட்டில் பீய்ச்சுகிறது, உடனே தெரிந்துவிடுகிறது. மிக்ஸி பிளேடு மழுங்கினால் சட்னி திப்பி திப்பியாக வருகிறது; அதுவும் தெரிந்துவிடுகிறது. காரின் பிரேக் மட்டும் அப்படி இல்லை. அது நாளுக்கு நாள் ஓர் இம்மிதான் தேய்கிறது. ஓட்டுகிறவரின் காலும் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் அழுத்திப் பழகிக்கொள்கிறது. "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வருஷங்கள் ஓடிவிடும்.

"காரைப் பற்றி எழுத நமக்கென்ன, அது ஆண்கள் சமாசாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பின் ஸீட்டில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தானே!

எங்கள் வீட்டில் இருப்பது மாமனார் வாங்கிய பிரீமியர் பத்மினி. மும்பையில் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த பத்மினிகள்கூட 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. எங்களுடையது மட்டும் சேலத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விற்க யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது மகனுக்குப் பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். வாங்கிவிட்டான். "தாத்தா காரைத்தான் ஓட்டுவேன்" என்கிறான். அப்போதுதான் அந்த பிரேக்கை முழுசாகச் சீர் செய்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

மலையிறக்கத்தில் என்ன நடக்கிறது?

என் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. போன கோடையில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் ஒருவித தீய்ந்த வாடை அடித்தது. என் கணவர், "பெடல் கீழே போகுது" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டாவது கியரைப் போட்டு, ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நிறுத்தினார். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் பழைய நிலைக்கு வந்தது. மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை; வீடு வந்து சேரும்வரை முருகா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஏன் அப்படி ஆயிற்று என்று பிறகு புரிந்துகொண்டேன். ஓடுகிற வண்டியின் வேகத்தை பிரேக் சூடாக மாற்றுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நான்கு பேரோடு எங்கள் கார் சுமார் 1100 கிலோ. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் 1000 மீட்டருக்கு மேல். அந்த எடை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை விடாமல் 3 மணி நேரம் போட்டு வைத்தால் வரும் சூடு! என்ஜினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கின் தலையில்தான்.

எங்கள் பத்மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூடி போட்ட பாத்திரம் மாதிரி, உள்ளே சூடு அடைபட்டுப் போகும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதுவும் கொதித்துக் குமிழி விடும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். அதனால்தான் பெடல் தரையைத் தொடுகிறது.

டிஸ்க் போட்டுவிடலாமா?

என் கணவர் முதலில் சொன்னது, "முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுடலாம்" என்பதுதான். பலர் பழைய வண்டிகளில் அப்படி மாற்றியிருக்கிறார்கள். டிஸ்க் என்பது காற்றோட்டத்தில் இருக்கும் தோசைக்கல் மாதிரி. சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும். நல்லதுதான்.

ஆனால் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் தலையை ஆட்டினார். "டிரம்முல அது சுத்துற வேகமே ஷூவை இழுத்து அழுத்தும்மா. டிஸ்குல அந்த உதவி கிடையாது. கால் பலமெல்லாம் போட்டு மிதிக்கணும். இந்த வண்டியில பூஸ்டரும் இல்லை. மாஸ்டர் சிலிண்டரும் அதுக்குத் தோதா மாத்தணும். முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவுன்னு பிடிச்சா ஈர ரோட்டுல வண்டி சுத்திரும்" என்றார்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷ்யூரன்ஸிலும் கேட்காமல் இப்படி ஒரு மாற்றம் செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவதுதான்.

"அப்போ என்னதான் அண்ணே வழி?" என்றேன். "இந்த டிரம் புதுசா இருந்தப்போ எப்படிப் பிடிச்சுதுன்னு உங்க மாமனாரைக் கேட்டிருந்தா தெரியும். அந்த நிலைக்குக் கொண்டுவந்துட்டு, ஆயிலை மட்டும் ஒரு படி மேல போட்டா போதும்மா" என்றார். இருப்பதையே முழுமையாகச் சீர் செய்வது! பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை என்பதை அடுத்த இரண்டு நாளில் கண்ணால் பார்த்தேன்.

என்னென்ன வாங்கினோம்?

சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோடிலும் பழைய வண்டிகளுக்கான சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் லைனிங் ஒட்டிய ஷூ, வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட், ரப்பர் ஹோஸ்கள், ஸ்பிரிங் செட், பிரேக் ஆயில். டிரம்களைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, உள்பக்கத்தை ஒரு சுற்றுக் கடைந்து வாங்கினோம். டிரம்மை இவ்வளவுதான் கடையலாம் என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் வேறு டிரம்தான்.

ஆயில் விஷயம் முக்கியம். டாட் 3 என்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிதான். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. மழைக்காலத்தில் கல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர் விட்டுக்கொள்கிறதல்லவா? பிரேக் ஆயிலும் அதே ஜாதி. அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 3 இருந்த வண்டியில் டாட் 4 ஊற்றலாம். ஆனால் டாட் 5 என்பது ஸிலிக்கான் வகை. இவற்றோடு அதைக் கலக்கவே கூடாது. என்ஜின் ஆயிலைத் தப்பித் தவறியும் ஊற்றக்கூடாது. ரப்பர் எல்லாம் உப்பிப்போகும்.

வாசலில் இரண்டு நாள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வாசலே பட்டறை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் கீழே இரும்பு ஸ்டாண்டு வைத்தார் அண்ணன். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கையோ காலோ நீட்டக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல.

அடுத்து, இளம் தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. டிரம்முக்குள் கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். கேடு வெளியே தெரிய 20, 30 வருஷங்கள்கூட ஆகலாம். வாயால் ஊதக்கூடாது, காற்றடிக்கவும் கூடாது. நான் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் நனைத்துக் கொடுத்தேன். அண்ணன் ஈரத் துணியால் துடைத்தார். துணியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட்டோம். அன்றைய உடுப்புகளைக் குழந்தைத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசினேன். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் கொக்கி போட்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத அடுத்த சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றிய சாமான்களை ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். ரப்பர் படும் இடங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக்கூடாது. புது பிரேக் ஆயிலிலேயே துடைத்தார். ஷூ மாற்றினால் முன் இரண்டும் சேர்த்து, பின் இரண்டும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாம் நாள் காற்றெடுக்கும் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். என்னை டிரைவர் ஸீட்டில் உட்கார வைத்தார்கள்! அண்ணன் கீழிருந்து "மிதிங்கம்மா" என்றால் மிதித்து, அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறக்கும்போது பெடல் இறங்கும். அவர் மூடிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் உள்ளதில் முடித்தோம். மகன் மேலே ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தான். குமிழி நின்று தெளிவாக ஆயில் வந்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. என் காலுக்கே அது தெரிந்தது.

கடைசியாக ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கினார். எங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்காவது ஒரு ஹோஸ் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அப்போது கைகொடுப்பது கம்பியால் இயங்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான்.

கோலப்பொடிப் பரீட்சை

வேலைக்கு முன்பே ஆள் நடமாட்டமில்லாத லேஅவுட் ரோடில் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் போடச் சொல்லியிருந்தேன். கோட்டிலிருந்து வண்டி நின்ற இடம் என் நடையில் 20 தப்படி. புது ஷூ டிரம்மோடு படிய வேண்டும் என்பதால் முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினோம். அதன்பின் அதே இடம், அதே வேகம். 14 தப்படி! வண்டி பக்கவாட்டில் இழுக்கவும் இல்லை. அந்த 6 தப்படிக்குள் தெருவில் ஒரு குழந்தை பந்தெடுக்க ஓடி வரலாம் அல்லவா?

மகனிடம் நான் சொன்னது வேறு. "பிரேக் புதுசுன்னு விரட்டாதே. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் போட்டப்புறம் நிக்கிற தூரம் நாலு மடங்கு. 60-ல போனா, கால் பெடலுக்குப் போற ஒரு விநாடியிலயே 17 மீட்டர் ஓடிடும்" என்றேன். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். முன்னால் போகிற அந்தப் புதுக் கார் சட்டென நின்றுவிடும். நம் பத்மினி நிற்காது. இடைவெளி விட்டு ஓட்டுவதும் பிரேக்தான். மலையில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

நாம் செய்யக்கூடியவை

பிரேக்கைப் பிரிக்கும் வேலை, அனுபவமுள்ள கை பக்கத்தில் இல்லாமல் வேண்டவே வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

* 15 நாளுக்கு ஒரு முறை பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். திடீரென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.
* கிளம்புமுன் பெடலை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினாலோ, வண்டியை எடுக்க வேண்டாம்.
* சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிகிறதா, கிறீச்சென்று உரசும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.
* தேங்கிய மழைநீரில் இறங்கி ஏறினால் டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக மிதித்து உலர்த்தச் சொல்லுங்கள்.
* டயர் வழுக்கையாக இருந்தால் எந்த பிரேக்கும் பயன் தராது.
* மீதி பிரேக் ஆயிலை ஜூஸ் பாட்டிலிலோ டானிக் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அது விஷம். குழந்தை குடித்துவிட்டால் டின்னையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்டை அது தின்றுவிடும்.

டிஸ்க் பிரேக்குக்கு ஆகும் என்று சொன்ன தொகையில் பாதிகூட எங்களுக்கு ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், அதற்கு ஸீட் கவரும் மியூஸிக் ஸிஸ்டமும் வாங்குவதற்கு முன்னால், "பிரேக் ஆயில் கடைசியா எப்பங்க மாத்தினோம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரவில்லை என்றால், அந்த மாதச் செலவில் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.