படித்த பெண்ணின் கையொப்பம்

அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதை நம்மவர் எல்லா மேடையிலும் சொல்வார்கள். 1891இல் கண்டியில் அவர் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்ததைச் சிலர் சொல்வார்கள். அதில் அவருடைய சகோதரியே பொறுப்பாக இருந்து கற்பித்தார் என்பதைச் சொல்பவர் மிகக் குறைவு. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆண் ஆசிரியரிடம் குமர்ப்பிள்ளையை அனுப்பத் தயங்கும் வாப்பா, ஆசிரியை ஒருவர் இருந்தால் அனுப்புவார். அங்கே படித்தவள் நாளைக்கு இன்னொரு ஊரில் ஆசிரியை. இரண்டு தலைமுறை கழித்து, 1945இல் இலவசக் கல்வியும் 1946இல் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியும் வந்தன.

அதற்கு முன்பு நம் பெண்கள் ஒன்றும் அறியாதவர்களாக இருந்தார்கள் என்பது சரியல்ல. என் உம்மும்மா குர்ஆன் ஓதுவார். அரபுத் தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார். எழுத மட்டும் தெரியாது. "பொம்புளப் புள்ளக்கு எழுத்து என்னத்துக்கு? கடிதம் எழுதவா?" என்று கேட்ட காலம் அது. வாசிப்பு வீட்டுக்குள் அடங்கும்; எழுத்து வெளியே போகும். அந்தப் பயம்தான்.

இன்று எழுத்து வந்துவிட்டது. ஆனால் அதற்கு நாம் எங்கே இடம் வைத்திருக்கிறோம்? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. மணமகன் ஒப்பமிடுகிறார், பெண்ணின் வலி ஒப்பமிடுகிறார். சம்மதத்தை வாய்மொழியாகக் கேட்கிறோமே என்பார்கள். பிறகு பிணக்கு வந்து, "என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்று அவள் காழியிடம் போனால் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. அந்தக் காழியும் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்பது அதே சட்டம். சட்டம் படித்துச் சட்டத்தரணியான நம் பெண்ணுக்கு அந்தக் கதிரை கிடையாது.

திருத்தம் பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வர 2018 ஆனது. முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை பத்தாம் தரத்துக்குப் போய்விடும் காலம்.

என் மருமகள் ஒருத்தி ஆசிரியை. தவணை முடிவில் நாற்பது பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிடுகிறாள். அவளுடைய விவாகப் பதிவில் அவளுக்காக ஒப்பமிட்டவர் அவளுடைய வாப்பா. அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்.