மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற டயர் எது?

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் சாலையை எவ்வளவு பரப்பில் தொடுகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோகிராம் என்று கொள்வோம். அதில் 120 கிலோகிராம் பின் சக்கரத்தின் மீது இறங்குகிறது. பின் டயரில் உள்ள காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும்போது '28' என்று சொல்வது ஏறக்குறைய இந்த அழுத்தத்தைத்தான். அது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. 120ஐ 2ஆல் வகுத்தால் 60 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. உங்கள் உள்ளங்கையின் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான்! முன் டயர் தொடும் பரப்பு இதைவிடவும் குறைவு.

வேகம் எடுப்பது, வளைவில் திரும்புவது, குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டதும் பிரேக் பிடித்து நிற்பது எல்லாம் இந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடிப்பால்தான் நடக்கின்றன. ஆகவே, தேய்ந்த டயரை மாற்றும்போது எதை வாங்குவது என்பது உயிர் தொடர்பான கேள்வியாகும்.

அகலமான டயர் நல்லதா?

'பெரிய டயராகப் போட்டால் நன்றாகப் பிடிக்கும்' என்று பலர் எண்ணுகிறார்கள். மேலே போட்ட கணக்கை மீண்டும் பாருங்கள். அதில் டயரின் அகலம் எங்கேனும் வருகிறதா? எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால், சாலையைத் தொடும் பரப்பும் பெரிதாக மாறுவதில்லை. நீள்வட்டமாக இருந்த பரப்பு அகன்று குட்டையாகிறது, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்பும் வண்டி. அதனால்தான் அதன் டயர், கார் டயரைப் போலத் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது. அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் அதன் இரு ஓரங்களும் உள்நோக்கி நெருக்கப்படும். உருண்டை வடிவம் கெடும். வண்டி சாயும்போது பிடிப்பும் மாறிவிடும்.

பட்டன்கள் எதற்கு?

உலர்ந்த பந்தயத் தடங்களில் ஓடும் வண்டிகளின் டயர்களில் பட்டனும் இல்லை, பள்ளமும் இல்லை, மொழுமொழுவென்று இருக்கும். உலர்ந்த சாலையைப் பிடிப்பது ரப்பர்தான், பள்ளங்கள் அல்ல. பிறகு பள்ளங்கள் எதற்கு? மழைக்கு!

சாலையில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது. டயர் 6 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தொடுகிறது. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் அந்த டயர் ஏறக்குறைய 2 லிட்டர் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். பள்ளங்கள் அந்த நீருக்கு வழிவிடுகின்றன. மொட்டையான டயரில் வழி ஏது? நீர்ப்படலம் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே புகுந்துகொள்கிறது, வண்டி வழுக்குகிறது.

அப்படியானால் பெரிய பட்டன்கள் கொண்ட டயர் இன்னும் நல்லதல்லவா? சேற்றுக்கும் மண்பாதைக்கும் நல்லது. தார்ச்சாலையிலோ, பட்டன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் சாலையைத் தொடுவதே இல்லை. நாள்தோறும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் போகும் வண்டிக்கு, ரப்பர் மிகுந்தும் பள்ளங்கள் அளவாகவும் உள்ள டயரே ஏற்றது.

மென்மையா, கடினமா?

மென்மையான அழிப்பான் தாளை நன்றாகப் பற்றுகிறது, விரைவில் தேய்கிறது. கடினமானது வழுக்குகிறது, நெடுநாள் உழைக்கிறது. டயரும் அப்படித்தான். மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றிக்கொள்ளும். பிடிப்பும் உழைப்பும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால், அன்றாட வண்டிக்கு இடைப்பட்ட ரப்பரே பொருந்தும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் '100/90 – 17 55பி' என்பது போல ஆங்கில எழுத்தோடு குறித்திருப்பார்கள். 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் 90 விழுக்காடு உயரம். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 55 என்பது சுமைக் குறியீடு. இந்த டயர் 218 கிலோகிராம் வரை தாங்கும். 'பி' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவையே வாங்க வேண்டும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அதற்குக் குறையக் கூடாது.

தயாரித்த காலத்தையும் நான்கு இலக்கங்களில் காணலாம். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஓடாமல் கடையில் கிடந்த டயருக்கும் வயது ஏறும். பழைய டயரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும்.

சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதன்படியே மாட்ட வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். ஆகவே, முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று நிதானமாக ஓட்டுவது நல்லது.

நீங்களே சோதியுங்கள்

வீட்டில் வண்டி இருந்தால், அது நிற்கும்போது டயரின் பள்ளங்களுக்குள் உற்றுப் பாருங்கள். ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவை தேய்மானத்தைக் காட்டும் அடையாளங்கள். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டதா? அப்படியானால் அப்பாவிடமோ அண்ணனிடமோ அக்காவிடமோ இன்றே சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் டயர் மாறட்டும்!