பழைய கேமராவில் இன்ஃப்ராரெட் போட்டோ: கழற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

டிவி ரிமோட்டை செல்ஃபி கேமரா முன்னால் நீட்டி ஒரு பட்டனை அழுத்திப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஸ்கிரீனில் மினுக்கும். அதுதான் இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்புக் கதிர்.

நம் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். கேமரா சென்சார் சிலிக்கானால் ஆனது. அது 1,000 நானோமீட்டர் வரைக்கும் உணரும். அப்படியே விட்டால் போட்டோவில் நிறம் கெட்டுவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால், பச்சை இலை பனி கொட்டியது போல வெள்ளையாகத் தெரியும். நீல வானம் கறுத்துப்போகும்.

புற ஊதாக் கதிர் கொஞ்சம் வம்பு. சாதாரண லென்ஸே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குவார்ட்ஸ் லென்ஸ் இருக்கு. விலை கேட்டால் தலை சுற்றும். ஆனா, அதில் சன்ஸ்கிரீன் பூசின முகம் கரி அப்பின மாதிரி விழுவது பார்க்க வேண்டிய காட்சிதான்!

சரி, வீடியோ பார்த்து நீங்களே கழற்றப் போறீங்களா? பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷ் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். கை பட்டால் தூக்கி அடிக்கும், உயிருக்கே ஆபத்து. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

எடுத்த கண்ணாடிக்குப் பதில் வேறு பொருத்தாவிட்டால் ஃபோகஸும் தவறும். பிறகு அதே கேமராவில் கல்யாண போட்டோ எடுத்தால், மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு செம்பழுப்பாகிவிடலாம். அதற்கு லென்ஸ் முன்னால் தனி ஃபில்டர் மாட்டணும்.