வெள்ளத்தில் நின்ற பழைய கார்: மலிவா கிடைக்குதுன்னு வாங்கலாமா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குபவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், செவுள் வெளுத்திருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால், அதே ஆட்கள் பழைய கார் என்று வந்துவிட்டால் பெயிண்டைப் பார்த்தே மயங்கிவிடுவது உண்டு. "அப்பா காலத்து அம்பாசடர் அண்ணே, வெள்ளத்துல நின்னுடுச்சு, பாதி விலைக்குத் தர்றாங்க" என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் பகுதியில் சில இடங்களில் தண்ணீர் கிட்டத்தட்ட 5 அடி உயரத்துக்கு நின்றது. மக்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது. ஒரு அம்பாசடர் காரின் மொத்த உயரமே சுமார் ஐந்தேகால் அடிதான். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியின் நிலைமை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட வண்டியை வாங்கிச் சரிசெய்வது லாபமா, நஷ்டமா?

முதலில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

விலையைக் கேட்பதற்கு முன்னால், தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

எந்தத் தண்ணீர்? வெறும் மழைத் தண்ணீர் என்றால் ஓரளவு பரவாயில்லை. சாக்கடை கலந்த தண்ணீர் சேற்றையும் நாற்றத்தையும் விட்டுச் செல்லும். உப்புத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசம். தேங்காய்த்திட்டு போலக் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் நின்ற வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. உப்பு, இரும்புத் தகடுகளின் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, வண்டி காய்ந்த பிறகும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு உயரம்? சக்கரத்தில் பாதி வரை என்றால் பிரேக், வீல் பேரிங் வேலையோடு முடியலாம். சீட் வரை ஏறியிருந்தால் வயரிங், கியர் பாக்ஸ் எல்லாம் கணக்கில் வரும். டேஷ்போர்டைத் தாண்டியிருந்தால் முழு வண்டியையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

எத்தனை நாள் நின்றது? தண்ணீர் வடிந்த பிறகு எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்பதும் இதில் சேரும். முதல் இரண்டு, மூன்று நாளில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டிருந்தால் இன்ஜின் பிழைக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் கிடந்திருந்தால் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும்.

நனைந்த பிறகு யாராவது ஸ்டார்ட் பண்ணினார்களா? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா நின்ற வண்டியைவிட, "ஓடுதான்னு பார்த்தோம்" என்று சாவி போட்ட வண்டிக்குத்தான் சேதம் அதிகம்.

பழைய வண்டிக்கு உள்ள சாதகம்

இன்றைய கார் மூழ்கினால் கம்ப்யூட்டர், சென்சார், ஏர்பேக் என்று எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அந்தத் தொல்லை கிடையாது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டிவிடலாம். வயரிங்கை முழுசாகப் புதிதாக இழுத்துவிடலாம். அம்பாசடர் 2014 வரை தயாரிப்பில் இருந்ததால், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் உதிரி பாகங்கள் கிடைக்கும்.

அதாவது, இன்ஜின் கெட்டுப்போனது என்பதற்காக மட்டும் ஒரு பழைய காரை ஒதுக்க வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து பாடியில் இருக்கிறது.

கரையான் அரித்த கதவு

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியாக சேசிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் பகுதியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. வெள்ளத் தண்ணீர் இந்தப் பெட்டிக்குள் புகுந்தால் எளிதில் வெளியே வராது. சேறும் உள்ளேயே தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். கரையான் அரித்த கதவு போல, வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

சென்னை அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பழைய ஜீப்பும் வேறு ரகம். இவற்றுக்குத் தனி சேசிஸ் உண்டு. பாடியைக் கழற்றி வைத்துவிட்டு சேசிஸை வெல்டிங் செய்யலாம். சேதம் ஒரே அளவு என்றாலும், இந்த வண்டிகளைக் காப்பாற்றுவது சற்று எளிது.

செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி?

- தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங், போல்ட்டுகளில் துரு, சேறு இருக்கிறதா?
- ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா?
- இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.
- ஒரு சின்னக் காந்தத்தைக் கதவின் அடிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே தகடு இல்லை, பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள்.
- வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினால் பாடி பலமிழந்துவிட்டது.
- பழைய வண்டிக்குள் புத்தம் புதுத் தரை விரிப்பும் தூக்கலான சென்ட் வாசனையும் இருந்தால், எதற்காக என்று கேளுங்கள்.

நம்பகமான டிங்கரிங் ஆள் ஒருவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது. மெக்கானிக்கைவிட இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் முக்கியம்.

ஆர்.சி.யில் வெள்ளம் தெரியாது

அமெரிக்காவில் பல மாநிலங்களில், வெள்ளத்தில் சேதமான கார் என்பது உரிமை ஆவணத்திலேயே பதிவாகிவிடும். இங்கே ஆர்.சி.யைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. பழைய கார்களுக்குப் பலரும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே வைத்திருப்பார்கள். அதில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட அதுவும் ஒரு காரணம்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பதிவு உயிரோடு இருக்கிறதா, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி, 20 ஆண்டு தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய்.

50 ஆண்டு கடந்த வண்டி என்றால், 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் இருக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால், அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தப் பதிவு கிடைக்காது. வெள்ளத்தில் போன இன்ஜினுக்குப் பதில் வேறு வண்டியின் டீசல் இன்ஜினைத் தூக்கி வைப்பவர்கள், இந்த வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

கணக்கு எப்படிப் போட வேண்டும்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். உதாரணத்துக்கு, நல்ல நிலையில் உள்ள ஒரு வண்டி 3 லட்சம், வெள்ளத்தில் நின்றது 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 2 லட்சம் மிச்சம். ஆனால் இன்ஜின் வேலை, வயரிங், பிரேக், சீட், தகடு வெட்டி வெல்டிங், பெயிண்ட் என்று பட்டியல் போட்டால் அந்த 2 லட்சம் தகடு வேலையிலேயே கரைந்துவிடலாம். பிரித்துப் பார்த்த பிறகுதான் பாதிச் சேதம் தெரியும் என்பதால், பட்டறையில் சொல்லும் தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் வைத்திருக்க வேண்டும். வாங்கும் விலையும் இந்த மொத்தச் செலவும் சேர்ந்து நல்ல வண்டியின் விலையைத் தாண்டினால், நல்ல வண்டியையே வாங்கிவிடலாம்.

அப்போ வாங்கலாமா?

மழைத் தண்ணீர், சீட்டுக்குக் கீழே, உடனே காயவைத்தது, யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை, தகடு உறுதி, பேப்பர் சுத்தம்: இத்தனையும் பொருந்தினால் வாங்கலாம். உப்புத் தண்ணீர், உளுத்த தரைத் தகடு, ஆர்.சி.யில் சிக்கல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் உதிரி பாகத்துக்கான விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

தாத்தா ஓட்டிய வண்டி, நம் வீட்டு வண்டி என்றால் கணக்கே வேறு. அதற்குச் செலவு செய்வதில் தப்பில்லை. ஆனால், விற்று லாபம் பார்க்கலாம் என்று கடன் வாங்கி இறங்குவதுதான் ஆபத்து. பட்டறையில் வண்டி நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.