சாலையின் நிலை சகலருக்கும் தெரியவேண்டும்

ஒரு தேசத்திலுள்ள ரஸ்தாக்களின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் சர்க்கார் அறிக்கைகள் உடனே விடை தந்துவிடுகின்றன. அவற்றைப் போடுவதற்கு எத்தனை கோடி ரூபாய் செலவாயிற்று என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆனால், காலை ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படும் ஒருவர் பத்து மணிக்குத் தம் அலுவலகம் போய்ச் சேருவாரா என்ற எளிய கேள்விக்கு அவ்வறிக்கைகளில் விடை கிடைப்பது அரிது. ரஸ்தாவைப் போட்டதோடு தன் கடமை தீர்ந்தது என்று எண்ணும் நிர்வாகம், கிணற்றை வெட்டிவிட்டு அதில் தண்ணீர் ஊறுகிறதா என்று எட்டிப் பாராத குடியானவனுக்கு ஒப்பாகும். சாலை இன்று எவ்வாறு உழைக்கிறது, எங்கே தடைப்பட்டிருக்கிறது என்னும் செய்தியும் சாலையின் ஓர் அங்கமே என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் முதலாவதாக நாம் கவனிக்க வேண்டியது, சராசரி என்னும் மயக்கம். ஒரு பாதையைக் கடக்கச் சராசரியாக நாற்பது நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் நான்கு நாள் முப்பது நிமிஷமும், ஐந்தாம் நாள் எண்பது நிமிஷமும் ஆனாலும் சராசரி நாற்பதுதான். கூலிக்குச் செல்லும் தொழிலாளிக்கும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கும், பிரசவ வேதனையோடு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் பெண்மணிக்கும் அந்த ஐந்தாம் நாளே நாள். ஆகவே, பாதை எவ்வளவு வேகமானது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதே முக்கியமாகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2012-ம் வருஷத்துச் சட்டத்தை அனுசரித்து 2017-ல் வகுக்கப்பட்ட விதிகள் இந்த உண்மையை ஒப்புக்கொண்டிருக்கின்றன. நூறு பிரயாணங்களில் எண்பது எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றனவோ அந்த நேரத்தை, ஐம்பது எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றனவோ அந்த நேரத்தால் வகுக்கிறார்கள். வார நாட்களில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும், வார இறுதியிலும் ஈவு ஒன்றரைக்குக் குறைந்திருந்தால்தான் அந்தப் பகுதி நம்பத்தக்கதென்று கணக்கில் சேரும். மாகாண நிர்வாகங்கள் இக்கணக்கை மத்திய சர்க்காருக்கு ஒப்புவிக்க வேண்டும். கணக்குக் கேட்பார் உண்டென்றால்தான் காரியம் நடக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இனி, பிரயாணிக்குச் செய்தி சொல்லும் வழி. ஜப்பானியர் இதை வெகு காலமாகவே சிரத்தையுடன் செய்துவருகின்றனர். போலீஸாரும் ரஸ்தா அதிகாரிகளும் திரட்டும் நெரிசல் விவரங்களை ஓரிடத்தில் சேர்த்து, ஓடும் மோட்டாரிலுள்ள திரைக்கே அனுப்பும் ஏற்பாடு டோக்கியோ பிரதேசத்தில் 1996-ம் வருஷம் ஏப்ரலில் தொடங்கிற்று. ‘விக்ஸ்’ என்பது அதன் பெயர். வானொலி ஒலிபரப்போடு கலந்தும், சாலையோரத்துக் கருவிகள் மூலமாகவும் செய்தி வண்டியை வந்து அடைகிறது.

இத்தகைய ஏற்பாடு வெறும் சௌகரியத்துக்காகவா என்று சிலர் கேட்கலாம். 2011 மார்ச் 11-ந் தேதி அதற்கு விடை கிடைத்தது. அன்று பூகம்பமும் கடற்பெருக்கும் வடகிழக்கு ஜப்பானின் கரையோர ஊர்களைச் சூறையாடின. ரஸ்தா இலாகாவினர் எல்லாப் பாதைகளையும் ஒரே சமயத்தில் சீர்ப்படுத்த முற்படவில்லை. உள்நாட்டில் தெற்கு வடக்காக ஓடும் பெருஞ்சாலைகளை முதலில் திறந்து, அவற்றிலிருந்து சீப்பின் பற்களைப்போலக் கடலை நோக்கிச் செல்லும் 15 பாதைகளைத் தேர்ந்தெடுத்து வழி செய்தனர். மறுநாளே 11 பாதைகள் திறந்தன. 15-ந் தேதிக்குள் பதினைந்தும் திறந்துவிட்டன. எந்தப் பாலம் நிற்கிறது, எது விழுந்தது என்ற விவரம் உடனுக்குடன் கைக்கு எட்டியிராவிடில் இவ்வளவு விரைவாகத் தீர்மானிப்பது எங்ஙனம்?

அதே சமயத்தில் மற்றொரு காரியமும் நடந்தது. ஹோண்டா கம்பெனி, தன் வண்டிகள் ஓடிய தடங்களைக் கொண்டு, போகத்தக்க பாதைகளின் படத்தை மறுநாளே வெளியிட்டது. பின்னர் பயோனீர், டொயோட்டா, நிஸான் கம்பெனிகளின் விவரங்களும் சேர்ந்து, 19-ந் தேதி முதல் ஐ.டி.எஸ். ஜப்பான் என்னும் ஸ்தாபனத்தின் மூலம் பொதுஜனங்களுக்குக் கிடைத்தன. வியாபாரத்தில் போட்டியிடும் கம்பெனிகள் ஆபத்துக் காலத்தில் தங்கள் கணக்குகளை ஒன்றாக்கிக் கொடுத்தது போற்றத்தக்கது. எனினும், வண்டித் தடம் இல்லாத பாதையெல்லாம் மூடிய பாதை அல்ல. அவ்வழியே யாரும் போகாமலும் இருந்திருக்கலாம். ஆதலால் வண்டிகள் சொல்லும் செய்தியும் அதிகாரிகள் நேரில் கண்ட செய்தியும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

நம் சென்னை நகரமும் இப்பாடத்தைக் கற்றிருக்கிறது. 2015 டிஸம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை புரண்டபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை ஜனங்களே குறித்துக் காட்டும் படம் ஒன்றைத் தொண்டர்கள் தயாரித்தனர். அவரவர் தம் தெருவின் நிலையைத் தெரிவிக்க, மற்றவர்க்கு அது வழிகாட்டியாயிற்று. ஜனங்களின் ஒத்துழைப்பு இருந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் ஜனங்களின் உற்சாகத்தையே எப்பொழுதும் நம்பிக்கொண்டு நிர்வாகம் சும்மா இருத்தல் தகாது.

இச்செய்திகளெல்லாம் யாருக்குச் சொந்தம்? நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு வண்டியும், அதிலுள்ளவரின் கைபேசியும், சாலையின் கணக்கை எழுதிக்கொண்டே போகின்றன. 2021 பிப்ரவரி முதல் நமது தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டாக் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சாவடியில் பதிந்த நேரத்தையும் அடுத்த சாவடியில் பதிந்த நேரத்தையும் ஒப்பிட்டாலே இடைப்பட்ட சாலையின் நிலை விளங்கிவிடும். சுங்கம் கொடுப்பவன் ஜனங்களில் ஒருவன். அவன் பிரயாணத்தால் விளைந்த கணக்கின் பயன் அவனுக்கே திரும்பி வருவது நியாயம். அதே வேளையில், இன்னார் எங்கே போனார் என்று துருவிப் பார்க்க இது கருவியாகிவிடக்கூடாது. சாலையின் நடத்தையை ஊரறியச் சொல்லலாம். தனி மனிதரின் நடமாட்டம் அவர் அந்தரங்கம். பெயரையும் வண்டி இலக்கத்தையும் நீக்கிய பிறகே கணக்கை வெளியிட வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். முக்கியமான ஒவ்வொரு சாலைக்கும், பிரயாண நேரம் எவ்வளவு, அது எத்தனை தூரம் நம்பத்தக்கது என்ற கணக்கைச் சர்க்கார் மாதந்தோறும் தாய்மொழியில் பிரசுரிக்கவேண்டும். பழுது பார்க்கும் வேலையால் பாதை மூடப்படுமாயின் முன்னதாகவே அறிவிக்கவேண்டும். மோட்டார் உள்ளவருக்கு மட்டுமின்றி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழைக்கும் அச்செய்தி எட்டவேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் பள்ளமும் மேடும் கண்டு முணுமுணுப்பதோடு நிற்காமல், நகரசபைகளிலும் சட்டசபையிலும் இந்தக் கணக்கைக் கேட்கவேண்டும். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் ஜனங்களுக்கு எந்த இலாகாவும் பதில் சொல்லாமல் இருக்கமுடியாது.