சக்கரத்திலிருந்து சந்திரன் வரை
கணிப்பொறி விளையாட்டில் தவறினால் மறுபடி ஆடலாம். பெங்களூரின் நிஜ ஆட்டத்தில் அது அத்தனை சுலபமில்லை

ஆட்டம் கி.மு. 4000-ல் தொடங்குகிறது. கையில் இருப்பது குடியேறிகள் கூட்டம் ஒன்றுதான். ஊர் அமைக்க வேண்டும். எழுத்தையும் சக்கரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். அண்டை நாட்டான் படையோடு வருவதற்குள் மதில் எழுப்ப வேண்டும். எல்லாம் கூடிவந்தால் கடைசியில் ஒரு விண்கலம் கட்டி, ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு அனுப்பி ஜெயிக்கலாம்.

சிட் மையர் வடிவமைத்து 1991-ல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' இதுதான். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் தலைவர் யார் தெரியுமா? காந்தி! 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று இரவு உட்கார்ந்தவர்கள் பால் பாக்கெட் வரும் நேரத்தில்தான் எழுந்திருக்கிறார்கள்.

ஆட்டத்தின் சூட்சுமம் ஓர் எளிய விதியில் இருக்கிறது. ஒரு நகரம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கட்ட முடியும். தானியக் களஞ்சியமா, விண்கலத்தின் பாகமா? ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று இந்தியாவை உலகம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அதை நிஜத்தில் எதிர்கொண்ட ஊர் பெங்களூர். முதல் இந்தியச் செயற்கைக்கோளான ஆர்யபட்டா உருவானது பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில். அது 1975-ல் விண்ணேறியது. பின்னர் 'ஆப்பிள்' என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். உலோக வண்டியின் இடையூறு இல்லாமல் ஆன்டெனாவைச் சோதிக்க, 1981-ல் விஞ்ஞானிகள் அதை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். விளையாட்டில் சக்கரத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டுகள். பெங்களூரில் இரண்டும் ஒரே புகைப்படத்தில்!

களஞ்சியமா, விண்கலமா என்ற கேள்விக்கும் இங்கே வேறு விடை கிடைத்தது. 1999 ஒடிசா சூறாவளியில் சுமார் 10,000 பேர் மடிந்தனர். 2013-ல் ஃபைலின் வந்தபோது பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தவர்கள் சில பத்துப் பேர். புயல் காப்பகங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. வானிலிருந்து புயலைக் கண்காணித்த செயற்கைக்கோளுக்கும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் செவ்வாய்க்குப் புறப்பட்ட மங்கள்யானுக்கு ஆன செலவு சுமார் 450 கோடி ரூபாய்.

ஆனால், ஒரு வசதி விளையாட்டில் மட்டுமே உண்டு. தோற்கப்போவது தெரிந்தால், சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பலாம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, பீன்யா கட்டுப்பாட்டு அறைக்கு அந்த வசதி இல்லை. நிலவை நெருங்கிய சந்திரயான்-2-ன் விக்ரம் கலம் மௌனமானது. தரையில் மோதி நொறுங்கியது பிறகு உறுதியாயிற்று.

எங்கெல்லாம் தவறலாம் என்று பட்டியலிட்டு அடுத்த கலத்தை வடிவமைத்தார்கள். 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் உறுதியாயின. எரிபொருள் கூடியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். கடைசி நிமிடங்களில் அவரும் சகாக்களும் திரையைப் பார்க்க மட்டுமே முடிந்தது; முடிவுகளைக் கலமே எடுத்தது.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 தரை தொட்டது. விளையாட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் கிடைக்கும் மறுவாய்ப்புக்கு, பெங்களூர் நான்கு ஆண்டுகள் உழைத்திருந்தது.