காலையில் குண்டு, மதியத்துக்குள் கதை

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கொச்சியை ஒட்டிய களமசேரியில், ஸம்ரா மாநாட்டு அரங்கில் யெகோவாவின் சாட்சிகள் சபையினர் கூடியிருந்தார்கள். மூன்று நாள் மாநாட்டின் கடைசி நாள் அது. இரண்டாயிரம் பேருக்கு மேல் ஜெபத்தில் இருந்தபோது, காலை 9.40 மணி வாக்கில் அரங்கத்துக்குள் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தீக்காயங்களோடு மருத்துவமனையில் இருந்தவர்கள் அடுத்த சில வாரங்களில் ஒவ்வொருவராக இறந்துபோக, பலி எட்டானது. 12 வயதுச் சிறுமி, அவளுடைய அம்மா, அண்ணன் என ஒரே வீட்டில் மூன்று பேர்.

ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குண்டு வைத்தது யார் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். போலீஸ் அரங்கத்துக்குள் முழுசாக நுழைவதற்கு முன்பே.

நேரமும் அப்படி அமைந்துவிட்டது. அக்டோபர் 7-ல் தொடங்கிய காஸா போர் மூன்றாவது வாரத்தைக் கடந்திருந்தது. குண்டுவெடிப்புக்கு ஓரிரு நாள் முன்னால்தான் மலப்புறத்தில் நடந்த ஒரு பாலஸ்தீன ஆதரவுக் கூட்டத்தில் ஹமாஸ் தலைவர் காலித் மிஷால் காணொளி வழியாகப் பேசியிருந்தார். அதையும் இதையும் முடிச்சுப் போட யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. 'யெகோவா' என்ற பெயரைப் பார்த்ததும், கேரளத்தில் யூதர்களின் வழிபாட்டுக் கூட்டத்தின் மீது தாக்குதல் என்று வெளிமாநிலங்களிலிருந்து பதிவுகள் பறந்தன. அந்தச் சபை யூதர்களுடையது அல்ல, கிறிஸ்தவ மரபில் வந்தது என்பதை ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கேரளத்துக்கு அந்தச் சபை புதிதும் இல்லை. பள்ளியில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றாலும் வாய் திறந்து பாட மாட்டோம் என்ற சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் வெளியேற்றப்பட்ட விவகாரம், 'பிஜோ இமானுவேல் வழக்கு' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1986-ல் தீர்ப்பு பிள்ளைகள் பக்கம் வந்தது.

அன்று பகலிலேயே, திருச்சூர் மாவட்டம் கொடகர காவல் நிலையத்துக்குள் டொமினிக் மார்ட்டின் என்பவர் நடந்துவந்து, குண்டு வைத்தது நான்தான் என்றார். அதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் ஒரு காணொளியையும் போட்டிருந்தார். பதினாறு வருடம் இதே சபையில் இருந்ததாகவும், சபையின் போதனை தேச விரோதமானது என்று பட்டதாகவும், திருத்திக்கொள்ளச் சொல்லியும் கேட்கவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்.

ஒருவர் தானாக வந்து ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடாது. விளம்பரத்துக்காகவோ மனம் கலங்கியோ செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் அவர் வாயைப் பிடித்துக்கொண்டிராமல், சில்லறைச் சாமான்களைத் தேடிப் போனது சிறப்புப் புலனாய்வுக் குழு. அவருடைய கைப்பேசியில் இருந்த காட்சிகள், பொருட்கள் வாங்கிய பில்கள், ஆலுவா அருகே அத்தாணியில் அவருக்கு இருந்த வீடு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அவர் ஓட்டிவந்த இருசக்கர வாகனம் கொடகர காவல் நிலையத்திலேயே நின்றுகொண்டிருந்தது. குண்டுகளை வெடிக்கவைத்த ரிமோட்டுகள் பின்னால் அதற்குள்ளிருந்தே எடுக்கப்பட்டன. ஹமாஸ் தொடங்கி மொஸாத் வரை ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், முக்கியமான தடயம் போலீஸ் நிலைய வாசலில் ஒரு வண்டிக்குள் கிடந்தது.

அரசியல்வாதிகள் பொறுத்திருந்தார்களா என்றால், இல்லை. ஒன்றிய அமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் ஹமாஸோடு சேர்த்துப் பதிவிட்டார். கொச்சி போலீஸ் வழக்குப் போட்டது. இந்தப் பக்கம், மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் எம்.வி. கோவிந்தன், பாலஸ்தீனத்துக்காகக் கேரளம் ஒன்றுபட்டு நிற்கும்போது கவனத்தைத் திருப்பும் வேலையா இது என்கிற தொனியில் பேசினார். அதற்கும் புகார் போயிற்று. இருவரும் நேரெதிர் முகாம். ஆனால் களமசேரியில் நடந்ததற்குக் காஸாவில் காரணம் தேடியதில் ஒற்றுமை.

மறுநாள் திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயன் அனைத்துக்கட்சிக் கூட்டத்தைக் கூட்டினார். ஆதாரமில்லாத குற்றச்சாட்டுகளுக்கும் வதந்திகளுக்கும் இடம்தரக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மதவெறுப்பைத் தூண்டும் பதிவுகள் தொடர்பாக மாநிலம் முழுக்க 54 வழக்குகள் பதிவாயின. மலப்புறத்தில் 26, எர்ணாகுளத்தில் 15, தலைநகர் திருவனந்தபுரத்தில் 5. பதிவுகளில் கணிசமானவை போலிக் கணக்குகளிலிருந்து வந்தவை.

அத்தோடு கதை அடங்கியதா? உருமாறியது. "இவர் செய்திருக்கலாம், ஆனால் தனியாளாகச் செய்திருக்க முடியாது. பின்னால் யார்?" சதிக்கதையின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. எதிரான ஆதாரம் வந்ததும் அதையே விழுங்கி இன்னும் பெருத்துவிடும். எட்டு உயிர் போயிருக்கிறது, அதற்குக் காரணம் சபையோடு மனத்தாங்கல் கொண்ட ஒரே ஓர் ஆள் என்றால் மனசு ஒப்புக்கொள்வதில்லை. பெரிய துயரத்துக்குப் பெரிய கை இருந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது.

மும்பை 26/11 தாக்குதலில் இதைவிட அழுத்தமான உதாரணம் இருக்கிறது. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நடக்கும் அஜ்மல் கசாப்பின் படம் உலகெங்கும் போயிற்று. அந்தப் படத்தில் அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு. கோயில் கயிறு கட்டியிருக்கிறான், அப்படியானால் இவன் பாகிஸ்தானியே இல்லை, இது உள்ளூர்க்காரர்கள் வேலை என்று கிளம்பியது ஒரு கூட்டம். அதே இரவில் மகாராஷ்டிரத்தின் பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே கொல்லப்பட்டதும் சேர்ந்துகொள்ள, சதிக்கதை புத்தகமாகவே வெளிவந்தது.

கயிறு நிஜம்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை 2016-ல், தாக்குதல் சதியில் பங்கிருந்த டேவிட் ஹெட்லி மும்பை நீதிமன்றத்துக்குக் காணொளி வழியாகச் சாட்சி சொன்னபோது விளக்கினார். வேவு பார்க்க மும்பைக்கு வந்த சமயத்தில் சித்திவிநாயகர் கோயிலில் அந்தக் கயிறுகளை வாங்கிக்கொண்டு போய் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பா ஆட்களிடம் கொடுத்தது அவர்தான். வந்தவர்கள் இந்தியர்களைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக. கசாப்பிடம் இருந்த போலி அடையாள அட்டையிலும் இந்துப் பெயர்தான். ஆக, சதியை அம்பலப்படுத்துவதாக நினைத்தவர்கள், சதிகாரர்கள் எதை நம்பவைக்க நினைத்தார்களோ அதையே ஊருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர் குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு கசாப்பை உயிரோடு பிடிக்க வழிசெய்திராவிட்டால், அந்தக் கதை இன்னும் பலமாக நின்றிருக்கும்.

முதலில் வரும் சந்தேகம் எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபர் 23 அதிகாலை கோவை உக்கடத்தில், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது, வெறும் சிலிண்டர் விபத்துதான், ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று பேசியவர்கள் உண்டு. சிதறிக் கிடந்த ஆணிகளும் கோலிக் குண்டுகளும் அந்தப் பேச்சை நிற்கவிடவில்லை. காரை ஓட்டிவந்து அந்த வெடிப்பில் இறந்தவரின் வீட்டிலிருந்து வெடிமருந்து மூலப்பொருட்களும் எடுக்கப்பட்டன.

அரசு சொல்வதை அப்படியே நம்பினால் போதும் என்று நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் வேறு கதை வைத்திருக்கிறது. 1994 அக்டோபரில் மாலத்தீவுப் பெண் ஒருவரை அந்த நகரத்துப் போலீஸ் கைது செய்தது. நவம்பர் 30-ல் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனும் கைதானார். நாகர்கோவில் குடும்பத்தில் பிறந்தவர், கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்தை முன்னின்று நடத்தியவர். ராக்கெட் ரகசியத்தைப் பாகிஸ்தானுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகைகள் தொடர்கதை போல எழுதித் தள்ளின. முதல்வர் கருணாகரனின் நாற்காலியை ஆட்டிய விவகாரங்களில் இதுவும் சேர்ந்தது. 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார்.

இந்தச் சதிக்கதையைப் பரப்பியது முகம் தெரியாத ஆள் இல்லை. காக்கிச் சட்டையும் உளவுத்துறையும். அதைக் கவிழ்த்த கேள்வியோ மிகச் சாதாரணமானது: விற்க என்ன இருந்தது? ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் அமெரிக்க நெருக்கடியால் சுருங்கி, தொழில்நுட்பம் கைக்கு வராமல் எஞ்சின்கள் மட்டும் தருவதாக 1993-ல் மாறியிருந்தது. இந்தியாவே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. கையில் இல்லாத சரக்கை விற்றதாகத்தான் வழக்கு. விசாரணையை ஏற்ற சிபிஐ 1996-ல் ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கதையைப் புனைந்தது யார் என்று விசாரிக்க 2021-ல் சிபிஐ புதிதாக வழக்குப் பதிந்தது.

அதே நகரத்தில் 2022 ஜூன் 30 இரவு, மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகமான ஏ.கே.ஜி. சென்டர் மதிலில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வெடி எறிந்துவிட்டுப் போனார். காங்கிரஸ் வேலை என்றார்கள் ஆளுங்கட்சியினர். கட்சிக்காரர்களே ஆள் வைத்து எறிந்த நாடகம் என்றார்கள் காங்கிரஸார். இரண்டு தரப்புக்கும் ஆளைத் தெரிந்திருந்தது. குற்றப்பிரிவு போலீஸ் ஒருவரைக் கைது செய்ததோ செப்டம்பரில், சிசிடிவி காட்சிகளையும் ஸ்கூட்டரையும் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று மாதம் அலைந்த பிறகு. பிடிபட்டவர் இளைஞர் காங்கிரஸ்காரர். ஆளுங்கட்சியின் ஊகம் இந்த முறை பலித்ததாக வைத்துக்கொண்டாலும், அன்று இரவு அவர்கள் கையிலும் ஆதாரம் ஏதும் இருக்கவில்லை.